பிழைக்கச் சென்ற ஊரைப் பார்த்து வருவோம்

நம் பங்குகளில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று விசாரித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவரேனும் பெங்களூரில் இருப்பார். கட்டட வேலைக்குச் சென்ற தந்தை, ஆடை தைக்கும் ஆலைக்குச் சென்ற மகள், செவிலியராய்ப் பணியாற்றும் தங்கை, கணினி நிறுவனத்தில் அமர்ந்திருக்கும் மருமகன் என்று முறைதான் மாறுமே தவிர ஊர் மாறுவதில்லை. ஞாயிறு மாலைகளில் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் மூட்டையும் தூக்குச்சட்டியுமாக நிற்கும் கூட்டத்தைக் காணாதவர் யார்? நோய் முற்றினாலும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள புனித யோவான் மருத்துவமனையே. 2014ஆம் ஆண்டு முதல் அரசு ஏடுகளில் அந்நகரம் ‘பெங்களூரு’ ஆகிவிட்டது எனினும், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதனை நாம் நம் வாய்க்குப் பழகிய பெயராலேயே அழைப்போம்.

இவ்வளவு நெருங்கிய உறவிருந்தும், அந்நகரைக் கண்ணாரப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? இருபது ஆண்டுகள் அங்கே கொத்தனாராய் உழைத்துத் திரும்பிய ஒருவரிடம் லால்பாக் தோட்டத்தைப் பற்றிக் கேட்டோம். “வெளி மதில் ஓரமாகப் பலமுறை நடந்திருக்கிறேன் ஐயா, உள்ளே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே பொழுது சரியாக இருக்கும்” என்றார். அவர் எழுப்பிய மாடிகளில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கூலி பெறும் இடம் என்றே நாம் அவ்வூரை அறிந்திருக்கிறோம். வேளாங்கண்ணிக்கும் ஊட்டிக்கும் பணம் சேர்த்துச் செல்லும் நம் குடும்பங்கள், பிள்ளை வேலை செய்யும் ஊரை ஒரு நாள் சுற்றிப் பார்க்க நினைப்பதில்லை. அங்குள்ள பழைய கற்களில் பாதி நம் வரலாற்றையும் சேர்த்துச் சொல்கின்றன என்பது தெரிந்தால், ஒருவேளை நினைப்போம்.

போவதற்கு வழி இப்பொழுது எளிது. 2025 ஆகஸ்டு 11ஆம் நாள் முதல் பொம்மசந்திராவிலிருந்து ராஷ்டிரிய வித்யாலயா சாலை வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஓசூர் வழியாகச் செல்லும் பேருந்தில் பொம்மசந்திராவில் இறங்கி அதில் ஏறிவிட்டால், ஓசூர் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் வாட வேண்டியதில்லை. கடைசி நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் லால்பாக்கும், அடுத்துக் கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டும் வந்துவிடும். முதலில் மார்க்கெட் நிலையத்தில் இறங்குவதே நன்று. கோட்டை அங்கேதான் இருக்கிறது.

கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு செல்பவர்கள் ஏமாறுவார்கள். 1537ஆம் ஆண்டில் கெம்பெகௌடா என்னும் சிற்றரசர் மண்ணால் மதிலெழுப்பி இந்நகரை நிறுவினார். 1761ஆம் ஆண்டில் ஐதர் அலி அக்கோட்டையைக் கல்லால் கட்டினார். பின்னாளில் சாலைக்கும் மருத்துவமனைக்கும் கல்விக்கூடங்களுக்குமாக அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, இன்று டெல்லி வாயில் எனப்படும் நுழைவாயிலும் அதனை ஒட்டிய சிறு பகுதியுமே எஞ்சியுள்ளன. ஆயினும் எஞ்சிய அந்த வாயில் ஒன்றே போதும். மதிலில் பதிக்கப்பட்ட ஒரு கல், 1791 மார்ச் 21ஆம் நாள் ஆங்கிலப் படை அவ்விடத்தைப் பிளந்து உட்புகுந்ததைக் கூறுகிறது. படையை நடத்தியவர் காரன்வாலிஸ். பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே காரன்வாலிஸ்தான். அங்கே இழந்த பெயரை இங்கே மீட்டுக்கொண்டார் என்று சொல்லலாம். கோட்டையைக் காத்து நின்ற திப்புவின் தளபதி பகதூர் கான் அன்றிரவு போரில் மடிந்தார்.

இதில் நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். நமக்கு நிறையவே இருக்கிறது. தருமபுரி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் மன்னர் சிக்கதேவராய உடையாரின் கைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அவர் முகலாயரிடமிருந்து பெங்களூரை விலை கொடுத்து வாங்கினார். ஆக, இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. பெங்களூர்க் கோட்டை வீழ்ந்த மறு ஆண்டு, 1792இல், திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் கொடுக்க நேர்ந்தது. பணம் தீரும்வரை தம் புதல்வர் இருவரைப் பிணையாகவும் ஒப்படைத்தார். அப்படிக் கைமாறிய பாதி நாட்டில் ஒரு பகுதியே நம் பாராமகால். பெங்களூர் மைசூரோடு நின்றது. நாம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தோம். மொழிவாரி மாநிலம் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, அத்திப்பள்ளி எல்லைக்கோட்டுக்கு விதை ஊன்றியது அந்த மதில் உடைப்பே எனலாம்.

பாராமகாலை ஆள வந்த கேப்டன் ரீடு என்பவரின் உதவியாளராய், 1792 முதல் 1799 வரை, இளைஞர் ஒருவர் தருமபுரியில் தங்கி ஊர் ஊராய் நிலம் அளந்தார். அவரே பின்னாளில் சென்னை ஆளுநராக உயர்ந்த தாமஸ் மன்றோ. இடையில் நிற்கும் பெருந்தனக்காரரை விலக்கி, உழுபவரிடமே அரசு நேரில் வரி பெறும் ரயத்துவாரி முறை நம் வயல்களில்தான் உருப்பெற்றது. பாடநூலில் ‘ரயத்துவாரி’ என்று மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகளிடம் அது நடந்த இடம் தங்கள் ஊரே என்று யாரும் சொல்வதில்லை.

கோட்டை வாயிலிலிருந்து சற்று நடந்தால் திப்புவின் கோடை அரண்மனை. ஐதர் தொடங்கி, 1791இல் திப்பு முடித்தது. பெரிய மாளிகையன்று, தேக்கு மரத் தூண்களும் வளைவுகளும் மேல்மாடமுமாய், காற்று தங்குதடையின்றி வந்து செல்லும் இரண்டடுக்கு வீடு. சுவர் ஓவியங்கள் பெரிதும் மங்கிவிட்டன. அதனருகிலேயே, மதிலுக்கு மதில் ஒட்டினாற்போல், சிக்கதேவராயர் காலத்து வெங்கடரமணர் கோயில் நிற்கிறது. ஒரு முஸ்லிம் அரசரின் இல்லமும் இந்துக் கோயிலும் இப்படித் தோளுரசி நின்ற காலத்தைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும். அதே வேளையில், 1784இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டதும், எஞ்சியோர் 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே ஊர் திரும்பியதும் இவ்வரசர் காலத்தில்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது. இரண்டையும் அந்த மரத்தூண்களின் அடியில் அமர்ந்து சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

பழைய பேட்டைத் தெருக்களில் திகளர்பேட்டை என்றொரு பகுதி உண்டு. ‘திகளர்’ என்பது கன்னடத்தில் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல். முன்னொரு காலத்தில் தமிழகத்திலிருந்து குடியேறியவர்கள் என்று கருதப்படும் அம்மக்கள் தோட்டக்கலையில் தேர்ந்தவர்கள். அவர்களுடைய தர்மராயசுவாமி கோயில் பாண்டவருக்கும் திரௌபதிக்கும் உரியது. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியில் அங்கு நடைபெறும் கரகத் திருவிழாவே அந்நகரின் மிகப் பழைய விழாக்களுள் ஒன்று. பெண்போல் உடையணிந்த ஒருவர், பூவால் மூடிய கூம்பு வடிவக் கரகத்தைத் தலையில் தாங்கி, வாளேந்திய வீரகுமாரர் சூழ, நள்ளிரவில் புறப்பட்டு விடியும்வரை நகரைச் சுற்றிவருவார். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் முன்பு பாரதம் படிப்பதையும், இரவெல்லாம் கூத்தாடுவதையும், மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவதையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கரகம் அந்நியமாய்த் தோன்றாது.

அந்த ஊர்வலம் செல்லும் வழியில் ஓரிடத்தில் நிற்கிறது. அது தவக்கல் மஸ்தான் என்னும் முஸ்லிம் பெரியவரின் தர்கா. கரகம் தாங்கியவர் அங்கு சென்று வணங்கிய பிறகே ஊர்வலம் மேலே செல்லும். எவரும் சட்டம் போட்டு ஏற்படுத்தியதன்று. தலைமுறை தலைமுறையாய் நடந்துவரும் வழக்கம். சமயங்களிடையே உரையாடல் என்று நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். பருத்திப்பேட்டைத் தெருவில் அதனை நடந்தே காட்டுகிறார்கள். விழா நாளில் செல்ல இயலாதவர்கள் பகலில் அக்கோயிலையும் தர்காவையும் தெருவில் நின்றே பார்த்துவிட்டுச் செல்லலாம்.

லால்பாக்கைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். 1760இல் ஐதர் தொடங்கிய தோட்டம் அது. இலண்டன் பளிங்கு மாளிகையை நினைவூட்டும் கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டினர். சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி அதனுள் மலர்க் கண்காட்சி நடைபெறும். அந்நாட்களில் கூட்டம் தாங்காது, கைக்குழந்தையோடு செல்வோர் தவிர்ப்பது நலம். கண்ணாடி மாளிகையைவிட நமக்குப் பிடித்தது அங்குள்ள பாறைதான். ஏறத்தாழ முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுடையது என்று நிலவியலார் கூறும் அப்பாறையின் உச்சியில் கெம்பெகௌடா பெயரால் வழங்கும் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. நகரின் எல்லையாய் நான்கு திசையிலும் எழுப்பப்பட்ட நான்கு கோபுரங்களுள் அது ஒன்று. அன்று எல்லையாக இருந்த அது இன்று நகரின் நடுப்பகுதி. பாறைமேல் அமர்ந்து, கட்டி எடுத்துச் சென்ற புளிச்சாதத்தைப் பிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். உணவுப்பொருளை உள்ளே அனுமதிப்பதில்லை என்று வாயிலில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

மீண்டும் மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்துக்கு மாறினால், வேறொரு பெங்களூருக்குள் நுழைகிறோம். 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்கு அஞ்சித் தம் படையை இங்கே கொண்டுவந்தனர். அதனோடு சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள், சமையற்காரர், சலவைத் தொழிலாளர், குதிரைக்காரர், வணிகர் எனத் தமிழரும் பிறரும் திரளாய் வந்தனர். பழைய பேட்டை ஒரு நகரம், தண்டுப்பகுதி ஒரு நகரம். இரண்டுக்கும் நிர்வாகமும் வேறு, பெரும்பான்மையோர் மொழியும் வேறு. 1949இல்தான் அவை ஒரே மாநகராட்சியாயின. சிவாஜி நகரிலும் அல்சூரிலும் இன்றும் காதில் விழும் தமிழ், நேற்று வந்த தமிழன்று. அதற்கும் பன்னெடுங்காலத்துக்கு முன்பே, தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

சிவாஜி நகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு எதிரே வானளாவ நிற்பதே புனித மரியன்னைப் பேராலயம். இதன் கதை செஞ்சியில் தொடங்குகிறது. அங்கிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் கீற்றுவேய்ந்த சிறு கோயிலொன்றை எழுப்பி, ‘காணிக்கை மாதா’ என்று அழைத்தனர் என்பது வழிவழியாய் வரும் செய்தி. அவர்கள் வெள்ளரிசி விளைவித்ததால் ‘பிளி அக்கிப் பள்ளி’ எனப்பட்ட அவ்விடம், ஆங்கிலேயர் நாவில் பிளாக்பள்ளியாய்த் திரிந்ததாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்தந்தை துபுவா அங்கே சிற்றாலயம் கட்டித் திருப்பலி நிறைவேற்றினார். பிரெஞ்சு நாட்டவரான அக்குரு, அம்மை நோய்க்கு எதிராக மைசூர் நாட்டில் பல்லாயிரம் பேருக்குத் தடுப்பு ஊசி இடச் செய்தவர். நம் நாட்டுப் பழக்கவழக்கங்களைப் பற்றி நூலெழுதியவர். கருமத்தம்பட்டியில் பணியாற்றியதால் கொங்கு நாட்டாரும் உரிமை கொண்டாடுபவர்.

இன்று நாம் காணும் கோதிக் பாணி ஆலயம் 1875இல் தொடங்கப்பெற்று 1882இல் நிறைவுற்றது. அதனைக் கட்டிய அருட்தந்தை கிளைனர் பின்னர் மைசூர் ஆயரானார். 1974இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதனைப் பேராலயமாக உயர்த்தினார். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே ஒளி சிந்த, அன்னையின் திருவுருவம் சேலையணிந்து விளங்குகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் தேர் பவனியின்போது அந்த வீதிகளில் எள் விழ இடமிராது. அன்னையிடம் மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் முக்காடிட்ட முஸ்லிம் பெண்களையும் குங்குமமிட்ட இந்துத் தாய்மாரையும் எந்நாளும் காணலாம். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திருப்பலி உண்டு. எந்த மொழிக்கு முதலிடம் என்பது பற்றி அந்நகரத் திருச்சபைக்குள்ளேயே கசப்புகள் எழுந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. வேற்றூர் சென்று நம் மொழியில் திருப்பலி கேட்கும்போது, அம்மண்ணின் மொழிக்குரியவர்களுக்கு அங்கே முதல் உரிமை உண்டு என்பதையும் நினைவில் வைப்பது விருந்தினருக்கு அழகு.

ஆலயத்தைச் சுற்றிய தெருக்களைத் தவறவிடாதீர்கள். பள்ளிவாசல் பாங்கொலி, ஆலய மணி, பூக்கடைப் பெண்களின் தமிழ், பழக்கடைக்காரரின் உருது, பேருந்து நடத்துநரின் கன்னடம் ஆகிய அனைத்தும் ஒரே நூறடிக்குள் கேட்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் சாமான் வாங்கலாம்.

கப்பன் பூங்காவையும், அதன் விளிம்பில் 1868இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிற அட்டார கச்சேரியையும் நடந்தபடியே பார்த்துவிடலாம். பதினெட்டுத் துறைகளின் அலுவலகம் என்பது அப்பெயரின் பொருள், இப்பொழுது உயர்நீதிமன்றம். அதற்கு எதிரே விதான சௌதா. 1951இல் நேரு அடிக்கல் நாட்ட, முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையாவின் முயற்சியால் 1956இல் எழுந்தது. ஆயிரக்கணக்கான கூலியாட்களும் கல்தச்சரும் அதற்காக உழைத்தனர். சிறைக்கைதிகளையும் பணியில் ஈடுபடுத்தினர். அமைச்சரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவ்விடத்தில் நின்றபோது நமக்கு அந்தக் கொத்தனாரின் நினைவு வந்தது.

கடைசியாக அல்சூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். அங்கே அமர்ந்திருக்கும் திருவள்ளுவர் சிலை 1991ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. ஆனால் எதிர்ப்பின் காரணமாகத் திறக்க இயலவில்லை. அதே ஆண்டு, காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி டிசம்பரில் கலவரம் மூண்டது. பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன, பிள்ளைகுட்டிகளோடு ஓசூர் வழியாக நம் பக்கம் ஓடிவந்தவர்களை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வள்ளுவர் பதினெட்டு ஆண்டுகள் மூடிய உறைக்குள் நின்றார். 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், தமிழக, கர்நாடக முதலமைச்சர்கள் இருவரும் கூடியிருக்க, அச்சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அதன் பிறகும் 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தன என்பதும் உண்மை. அக்கலவரத்தின்போது அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பங்கள் தமிழரைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்த செய்திகளும் நம் பங்குகளில் உலவுகின்றன. அவற்றைக் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அந்த ஏரிக்கரை வீடுகளின் குழாயில் வரும் நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர். நம் வீட்டுக் குழாயிலும் அதுவே வருகிறது. தண்ணீரிலிருந்த புளூரைடு நம் மக்களின் பற்களையும் எலும்புகளையும் அரித்துவந்ததைத் தடுக்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2008இல் எல்லைச் சச்சரவுக்கு உள்ளாகி, ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் நிறைவேறியது. ‘ஒகேனக்கல்’ என்பதே புகையும் பாறை எனப் பொருள்படும் கன்னடச் சொல்தான். நாம் அதனைத் தமிழாகவே உச்சரித்து வருகிறோம்.

அல்சூர் மெட்ரோ நிலையம் ஏரியிலிருந்து நடக்கும் தொலைவே. மாலை ஐந்து மணிக்குமேல் வண்டிகளில் கால் வைக்க இடமிராது. வேலை விட்டு வருபவர்களுக்கே அவை போதாது. ஆதலால் நான்கு மணிக்கே புறப்பட்டு, அதே வழியில் பொம்மசந்திரா வந்து சேர்ந்தால், தருமபுரிப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும். அங்கு வேலை செய்யும் மகனோ மகளோ விடுப்பெடுத்து உடன் வந்திருந்தால், பேருந்தில் ஏற்றிவிட அவர்களே நிற்பார்கள். இம்முறை அவர்கள் கையில் மூட்டை இராது.